பெரிய பிராண்டுகளுக்கு நடுவே அசெம்பிள் செய்து நிற்பது எப்படி: திருப்பூரிலிருந்து ஒரு கடைக்காரர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். டெல், ஹெச்பி, லெனோவோ டீலர்களின் கொட்டேஷன் போகிற அதே மேசைக்குத்தான் என் கொட்டேஷனும் போகிறது. புதிதாகக் கடை போடும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அவங்க விலைக்கு நாம எப்படிண்ணா கொடுக்கறது?" என்றுதான். கொடுக்க முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தத் தொழிலைத் தொடங்க வேண்டும்.

அவர்கள் ப்ராசஸரையும் ராமையும் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். விண்டோஸ் லைசென்ஸ் அவர்களுக்கு விழும் விலை நமக்கு விழாது. டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை, லெனோவோவுக்குப் புதுச்சேரியில். நாமோ ரெடிங்டன், ராஷி மாதிரி விநியோகஸ்தர்களுக்கும் கீழே உள்ள டீலரிடம் ஒன்றும் இரண்டுமாக வாங்குகிறோம், அவசரத்துக்கு சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சல் போடச் சொல்கிறோம். ஐ3, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று சாதாரண ஆபீஸ் மெஷினை ஒரிஜினல் விண்டோஸோடு இருவரும் கொட்டேஷன் போட்டால், பெரும்பாலும் அவர்கள் விலைதான் குறைவு. அந்த ஆர்டர் போனால் போகட்டும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. 1981-இல் ஐபிஎம் தன் பிசியைக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்துச் செய்து, உள்ளமைப்பையும் வெளியிட்ட பிறகுதான் அசெம்பிள் என்கிற தொழில் உலகத்தில் பரவியது. 1984-இல் மைக்கேல் டெல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் ஆயிரம் டாலரோடு தொடங்கியதும் இதே தொழில்தான். கேட்கிறவருக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து நேராகக் கொடுத்தார். அவ்வளவு பெரிதாக வளர்ந்த பிறகு, ஒரு காஜா பட்டன் செக்‌ஷனுக்குள் என்ன தூசி பறக்கிறது என்று பார்த்து மெஷின் செய்ய அந்த நிறுவனத்தால் முடியாது. நம்மால் முடியும். நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் ஒரு தொழிலைப் பிடியுங்கள்

"எல்லாருக்கும் கம்ப்யூட்டர்" என்று போர்டு வைக்காதீர்கள். உங்கள் ஊர் எதைச் செய்து பிழைக்கிறதோ அந்தத் தொழிலுக்கான மெஷினைச் செய்யுங்கள். சிவகாசி என்றால் அச்சகம். கோவை என்றால் சிஎன்சி, டிராயிங். எனக்குப் பின்னலாடை. கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் பைக்கில் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்குள் பார்ட்டிகளை (வாடிக்கையாளர்களை) வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தொழிலைத் தேர்ந்தபின் தெரிந்த கம்பெனி ஒன்றில் அரை நாள் உட்கார அனுமதி கேளுங்கள். யாருடைய கம்ப்யூட்டர் எதற்காக நின்றுபோகிறது, நின்றால் எந்த வேலை நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பனியன் கம்பெனிக்குள்ளேயே அறைக்கு அறை தேவை வேறு. மெர்ச்சண்டைசருக்கு (பையரின் ஆர்டரைக் கவனிப்பவர்) மெயிலும் எக்செலும்தான். அங்கே வேகமான ப்ராசஸரைவிட இரண்டாவது மானிட்டர் பயன்படும். கணக்குப் பிரிவில் டேலி மூன்று நான்கு பேருக்கு ஓடும், எனவே டேட்டா இருக்கிற மெஷினும் நெட்வொர்க் கேபிளும் சரியாக இருக்க வேண்டும். மற்ற மெஷின்களில் பணத்தைக் கொட்டி லாபமில்லை.

கேட் ரூமில்தான் (CAD, துணி பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் வரையும் அறை) நிறையப் பணம் வீணாகிறது. கெர்பர், லெக்ட்ரா, ஆப்டிடெக்ஸ் போன்ற சாஃப்ட்வேர்களில் பேட்டர்ன் போட்டு மார்க்கர் (துணியில் வெட்டுத் துண்டுகளை அடுக்கும் வரைபடம்) எடுப்பது 2டி வேலை. அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதும் ராமும்தான் அங்கே முக்கியம். ஐ5-12400 மாதிரி ஒரு ப்ராசஸர், 8 ஜிபியாக இரண்டு ராம், நல்ல எஸ்எஸ்டி போதும். அதே கம்பெனி குளோ மாதிரி சாஃப்ட்வேரில் 3டி சாம்பிளுக்குப் போனால் கதை மாறும், அங்கே கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். இந்த வித்தியாசத்தைப் பார்ட்டிக்கு விளக்கி, தேவையில்லாத கார்டைக் கொட்டேஷனிலிருந்து எடுத்துவிட்டாலே போதும், அடுத்த மெஷினுக்கு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பெயருக்குப் பின்னால் எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதை எடுத்து, கார்டும் போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

பிராண்டு மெஷின் செய்யாததைச் செய்யுங்கள்

பஞ்சுத் தூசியிலிருந்து தொடங்குகிறேன். நிட்டிங், கட்டிங் பகுதிகளில் வைத்த மெஷினை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி விரித்ததுபோல் பஞ்சு படிந்திருக்கும். காற்று போகாமல் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பார்ட்டி "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பார், பக்கத்துக் கடைக்காரர் ராம் மாற்றச் சொல்வார். இதற்கு நான் செய்வது: கேபினெட் முன்பக்கம் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கிற மாதிரி, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளுகிற மாதிரி. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது, வருகிற காற்றெல்லாம் முன்பக்கம் வழியாகத்தான் வரும். அங்கே கழற்றிக் கழுவக்கூடிய நைலான் வலை ஒன்று போட்டுவிடுவேன். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அடியில் இருக்கும் கேபினெட்டைத் தரையில் வைக்க விடாதீர்கள், அது தரையில் கிடக்கும் பஞ்சை உறிஞ்சும். ஒரு முக்காலியோ சுவர் ஸ்டாண்டோ அடித்துக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் வலையைக் கழுவச் சொல்லி, கேபினெட் மேலேயே தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது சீரியல் போர்ட். சாயப்பட்டறை லேபில் நிறம் அளக்கும் பழைய கருவி, எம்ப்ராய்டரி மெஷின், எடை மெஷின் எல்லாம் இன்னும் ஒன்பது பின் சீரியல் கேபிளில்தான் பேசுகின்றன. லட்சங்களில் வாங்கிய கருவி நன்றாக ஓடும்போது, கம்ப்யூட்டரில் போர்ட் இல்லை என்பதற்காக யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். புதிய பிராண்டு டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் பெரும்பாலும் அந்த போர்ட் இருக்காது. ஆனால் நாம் வாங்கும் எச்610 சிப்செட் போர்டுகள் பலவற்றில் உள்ளே காம் ஹெடர் (சீரியல் போர்ட்டுக்கான பின் வரிசை) இருக்கும். ஒரு சின்ன பிராக்கெட் கேபிள் வாங்கிச் சொருகினால் போர்ட் தயார். போர்டு வாங்குவதற்கு முன் மேனுவலை டவுன்லோடு செய்து இந்த ஹெடர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். யுஎஸ்பி கன்வெர்ட்டர் மலிவு, ஆனால் போலி சிப் போட்டது நிறைய வருகிறது, பாதி ரீடிங்கில் தொடர்பு அறுந்துவிடும். ஹெடர் இல்லையென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போடுவது மேல்.

டாங்கிளையும் மறக்காதீர்கள். விலை உயர்ந்த கேட் சாஃப்ட்வேர் பலவற்றுக்கு லைசென்ஸே ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிளில்தான் இருக்கிறது. முன்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நாற்காலி இடித்து உடையும், சில நேரம் காணாமலும் போகும். போர்டில் இருக்கும் யுஎஸ்பி ஹெடருக்கு ஒரு அடாப்டர் போட்டு, டாங்கிளைக் கேபினெட்டுக்கு உள்ளேயே வைத்து மூடிவிடுங்கள். முதலாளிக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நீங்கள் செய்து கொடுத்த அன்றைக்குத் தெரியும்.

மின்சாரம் நம் வேலையில்லை என்று ஒதுங்க வேண்டாம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் பெரும்பாலும் மெஷினில் கோளாறு இல்லை, எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக மின்கசிவு கொஞ்சம் எப்போதும் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும், போக வழியில்லாதபோது அது கேபினெட்டில் நிற்கும். டெலிவரிக்குப் போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போய் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி பில்லிலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று யுபிஎஸ். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில, மலிவு யுபிஎஸ் கொடுக்கும் சதுர அலையில் கரண்ட் போன கணமே அணைந்துவிடும். பார்ட்டியின் யுபிஎஸ்ஸிலேயே ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்து வாங்குவேன்.

பார்ட்ஸ் வாங்கும்போது

போர்டை அடிக்கடி மாற்றாதீர்கள். ஒரு போர்டு, ஒரு கேபினெட், ஒரு எஸ்எம்பிஎஸ் மாடலைத் தேர்ந்து, கிடைக்கிற வரைக்கும் அதையே போடுங்கள். டிரைவர் ஒன்றே, ஸ்பேர் ஒன்றே. ஒரு மெஷினில் எல்லாம் போட்டு இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து வைத்தால் அடுத்தது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தயார். பத்து மெஷினுக்கு ஒரு போர்டும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸும் கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள்.

எங்கே மிச்சம் பிடித்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வருவதைக் கழற்றிப் போட்டுவிட்டு, 80 பிளஸ் (மின்சிக்கன) சான்றும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் உள்ள, மூன்று வருடமாவது வாரண்டி இருக்கிற 450 வாட் ஒன்று போடுங்கள். நம் ஊர் ஜெனரேட்டர் மாற்றங்களைத் தாங்குவது அதுதான். ப்ராசஸரைப் பெட்டியோடு வாங்கினால் இன்டெலின் மூன்று வருட வாரண்டி. டிரேயில், பெட்டி இல்லாமல் வருவது விலை குறைவாக இருக்கும், ஆனால் வாரண்டி விற்றவர் சொல்வதுதான். ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து, எந்தப் பார்ட்டியின் எந்த மெஷின், எந்த பில் என்று ஒரே ஷீட்டில் எழுதி வையுங்கள். இரண்டரை வருடம் கழித்து கிளெய்முக்குப் போகும்போது அந்த ஷீட்தான் காசு.

விலை நிலையாக இருக்கும் என்று நினைத்துக் கொட்டேஷன் போடவே கூடாது. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் இழுத்துக்கொள்ள, மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும், நமக்கு அந்த வசதி இல்லை. "இந்த விலை மூன்று நாளுக்கு" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். பார்ட்ஸ் விலையை முன்பணமாக வாங்கிய பிறகே ஆர்டர் போடுங்கள்.

கொட்டேஷன் எழுதுவது

ஒரு உதாரணக் கணக்கு. பார்ட்ஸ் வரி இல்லாமல் 32,000 ரூபாய். அசெம்பிள், டெஸ்டிங் 1,200. ஸ்பேர் ஒதுக்கு இரண்டு சதவீதம், 640. லாபம் ஆறு சதவீதம், 1,920. மொத்தம் 35,760. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 42,200. இந்த ஸ்பேர் ஒதுக்கை லாபத்தோடு சேர்த்துச் செலவு செய்துவிடாதீர்கள், தனிக் கணக்கில் போடுங்கள். வாரண்டியில் போன பார்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பார்ட்டியைக் காக்க வைக்காமல் உடனே மாற்றிக் கொடுப்பது இந்தப் பணத்தில்தான்.

ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் அதன் வாரண்டியும் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்கட்டும். விலையை மறைத்து வைத்தால் லாபம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மிடம் பிராண்டு பெயர் இல்லை, அந்த இடத்தை நிரப்புவது இந்த வெளிப்படைதான்.

பார்ட்டி பெரிய பிராண்டின் கொட்டேஷனைக் காட்டினால் சந்தோஷப்படுங்கள், அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. உட்கார்ந்து கூடவே படியுங்கள். 16 ஜிபி ஒரே ராமா, இரண்டு எட்டா? வாரண்டிக்கு ஆள் வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? விண்டோஸ் ஹோமா, புரோவா? ஹோம் என்றால் கம்பெனி நெட்வொர்க்கின் டொமைனில் சேர்க்க முடியாது, அந்த மெஷினுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவும் முடியாது. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், வழக்கமான சைஸா? பெரிய நிறுவனங்களின் ஆபீஸ் டெஸ்க்டாப் பலவற்றில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுக்கென்றே செய்த வடிவம். வாரண்டி முடிந்தபின் கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது. இதைக் குறையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். போட்டியாளரைத் திட்டுகிறவரிடம் யாரும் மெஷின் வாங்க மாட்டார்கள்.

லைசென்ஸில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். "விண்டோஸ் போட்டுக் கொடுங்க" என்பார்கள். கிராக் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கு ஏழெட்டாயிரம் குறையும். ஆனால் ஏற்றுமதி கம்பெனிக்கு வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட் வரும். ஐநூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் கீயும் லைசென்ஸ் ஆகாது. ஒரிஜினல் வாங்க முடியாத இடத்தில், மெயிலும் பிரவுசரும் மட்டும் போதும் என்கிற மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுப் பழக்கிக் கொடுக்கிறேன். டேலியும் கேட் சாஃப்ட்வேரும் இருக்கிற மெஷினுக்கு விண்டோஸ்தான், அதில் வேறு பேச்சில்லை.

டெஸ்டிங், ஸ்டாண்ட்பை

ராமுக்கு ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட். மறுநாள் ஏசி இல்லாத அறையில், மத்தியானத்தில், சில மணி நேரம் முழு லோடு கொடுத்து வெப்பம் பாருங்கள். இந்த ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து மெஷினோடு கொடுங்கள்.

இப்போது பைக் தூரத்துக்கு வருகிறேன். ஷிப்மெண்ட் நாளில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற கம்ப்யூட்டர் நின்றால் லாரி நிற்கும், கப்பல் போய்விடும். பெரிய பிராண்டு "அடுத்த வேலை நாள்" என்று உறுதி தருகிறது. அது நல்ல உறுதிதான். ஆனால் அந்த முதலாளிக்கு வேண்டியது அடுத்த மணி நேரம். எனவே கடையில் எப்போதும் இரண்டு மெஷின் ஸ்டாண்ட்பை இருக்க வேண்டும். ஃபோன் வந்ததும் பழுது பார்க்க உட்காராதீர்கள். பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி ஸ்டாண்ட்பையில் போட்டு வேலையை ஓட விட்டுவிட்டு, கெட்ட மெஷினைக் கடைக்கு எடுத்து வந்து நிதானமாகப் பாருங்கள். ஒரே போர்டை எல்லோருக்கும் போட்டிருந்தால் டிரைவர் தகராறின்றி இது நடக்கும். டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் ரிகவரி கீயை முதலாளியிடம் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு போர்டில் திறக்காது.

இந்த ஸ்டாண்ட்பை உறுதியை முதல் வருடம் மெஷின் விலையிலேயே கொடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து ஏஎம்சியாக (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமாக) மாற்றுங்கள். கடையை மாதா மாதம் நடத்துவது மெஷின் லாபமில்லை, இந்த ஏஎம்சிதான்.

பதிவு, வரி, வசூல்

ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டம் (சிறு தொழில்களுக்கான எளிய வரித் திட்டம்) ஒரு சதவீதத்தோடு முடிகிறது என்று ஆசை காட்டும். கம்பெனிகளுக்கு விற்பதென்றால் அதில் சேராதீர்கள். அதில் வரி வசூலித்து பில் போட முடியாது, எனவே பார்ட்டிக்கு இன்புட் கிரெடிட் (கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது, மெஷின் அவருக்கு அத்தனை விலை கூடிவிடும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை வெறும் வியாபாரி என்று போடாமல், அசெம்பிள் செய்வதால் உற்பத்தியில் போடுங்கள். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வியாபாரிகளுக்குக் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வருடம் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் சேர்ந்த பிறகு, மார்ச் மாதத்தில் கம்பெனி ஆடிட்டரே நம் பில்லைத் தேடுகிறார். உத்யம் எண்ணை பில்லில் அச்சடித்து வையுங்கள்.

சொந்தப் பெயரில் மாடல் போட்டு ஸ்டிக்கர் ஒட்டி விற்க நினைத்தால் முதலில் பிஐஎஸ் விஷயத்தை ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். கட்டாயப் பதிவு ஆணையில் கம்ப்யூட்டரும் உண்டு.

எந்த ஆர்டரை விட வேண்டும்

லேப்டாப் செய்யப் போகாதீர்கள். பாகங்கள் பொதுவானவை அல்ல, நம்மால் அதில் சேர்க்கக்கூடியது எதுவுமில்லை. பல மாநிலங்களில் கிளை உள்ள கம்பெனி நூறு மெஷின் கேட்டால், பெரிய பிராண்டைப் பரிந்துரைத்துவிட்டு, இங்கே இருக்கிற கேட் ரூமையும் லேபையும் மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பழைய மெஷின்களில் தொடங்குங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். தெரிந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் போய், எந்த மெஷின் எந்தத் தலைமுறை, எதில் எந்த டாங்கிள், எதற்கு எந்த சீரியல் கேபிள் என்று இலவசமாகவே ஒரு பட்டியல் எடுத்துக் கொடுங்கள். மாற்ற வேண்டியது எது, எஸ்எஸ்டியும் ராமும் போட்டு ஓட்டக்கூடியது எது என்று அதிலேயே குறித்துவிடுங்கள். பட்டியலின் ஒரு நகலை உங்கள் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.